மூச்சுக்குழலின் மாஸ்ட் கலங்கள்

கச்சான் காற்று எழும் மாதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் புழுதியும் உடன் எழும். தொய்வு நோயுள்ளோர் சிலருக்கு அப்பொழுதே நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஒரே கரையில் ஒரே புழுதியைச் சுவாசிக்கும் இருவருள் ஒருவர் மட்டும் திணறுவது ஏன்?

விடையின் ஒரு பகுதி மூச்சுக்குழற் சுவரிலே இருக்கின்றது. அங்கே மாஸ்ட் கலங்கள் உள. பவுல் ஏர்லிக் என்னும் ஜெர்மானியர் 1878-இல், தாம் மாணவராயிருந்தபோதே, இவற்றை விவரித்தார். உள்ளே மணிமணியாய் நிரம்பியிருக்கக் கண்டு, உண்டு கொழுத்தவை என்று கருதி அப்பெயரை இட்டார். பிழையான எண்ணந்தான், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அம்மணிகளில் ஹிஸ்டமீன் உண்டென்பது 1950களின் தொடக்கத்திலேதான் தெளிவாயிற்று.

அம்மணிகளைத் திறக்கத் துணைபுரிவனவற்றுள் அடினோசீன் ஒன்று. இது வெளியிலிருந்து வரும் நஞ்சன்று. கலங்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் சிதைந்து உண்டாவது. பிராணவாயு குறைந்தாலும், அழற்சியால் இழையங்கள் வருந்தினாலும், அது கலங்களுக்கு வெளியே மிகும். மாஸ்ட் கலத்தின் மேற்பரப்பில் அதற்குரிய வாங்கிகள் உண்டு. ஒவ்வாமையினால் முன்னரே கிளறப்பட்ட கலமாயின், அடினோசீன் வந்து பொருந்தியதும் ஹிஸ்டமீனை மேலும் மிகுதியாகக் கொட்டிவிடும். அந்த ஹிஸ்டமீன் குழலைச் சுற்றியுள்ள தசையைச் சுருக்கும். நுண்ணிய குருதிக் குழாய்களைக் கசியச் செய்து சுவரையும் வீங்கவைக்கும். வழி ஒடுங்க, மூச்சு சீழ்க்கையாகிறது.

1983-இல் இங்கிலாந்தில் ஹோல்கேட்டும் அவருடன் ஆராய்ந்தோரும் அடினோசீனை நுண்துளிகளாக்கிச் சிலரைச் சுவாசிக்கச் செய்தனர். நலமுள்ளோருக்கு ஒன்றும் நேரவில்லை. தொய்வுள்ளோரின் குழல்களோ சுருங்கின. பின்னர் நடந்த சோதனைகளில், ஹிஸ்டமீனைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அச்சுருக்கம் பெரிதும் குறைந்தது.

அவ்வாறாயின் தும்மலுக்கு விழுங்கும் மாத்திரையே தொய்வுக்கும் போதாதா? போதாது. மாஸ்ட் கலம் ஹிஸ்டமீனை மட்டுமன்றி, அதனினும் நெடுநேரம் தசையை இறுக்கும் வேறு பொருள்களையும் வெளியிடுகிறது. தேநீரில் சிறிதளவு காணப்படும் தியோபிலீன் அடினோசீனின் வாங்கிகளை மறிக்க வல்லது. மருந்தாகவும் நெடுங்காலம் வழங்கி வந்தது. எனினும் ஒரு கோப்பைத் தேநீரை நம்பி, உறிஞ்சும் மருந்தைக் கைவிடுவது ஆபத்து.

இன்னுமொன்று. இருதயம் திடீரெனப் படபடத்து ஓடும் சிலவகைக் கோளாறுகளுக்கு அடினோசீனையே ஊசிவழி ஏற்றுவதுண்டு. குருதியில் அது நிற்பது சில விநாடிகளே. ஆயினும் தொய்வுள்ளவரின் குழல்கள் அதனால் கடுமையாகச் சுருங்கக்கூடும். ஆகையால் நெஞ்சுப் படபடப்போடு ஆஸ்பத்திரிக்குச் செல்பவர், தமக்குத் தொய்வு உண்டென்பதை ஊசி ஏற்றுமுன்னரே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அவரால் பேச இயலாவிடின், உடன் சென்றவர் சொல்ல வேண்டும்.