வீட்டு முன்னால் ஷீட் இறக்கப் போறீங்களா? முதலில் மேலே பாருங்கள்

பங்குனி பாதி தாண்டியதும் திண்டுக்கல்லில் வெல்டிங் பட்டறைகளுக்கு வேலை கூடிவிடும். "வாசல்ல வெயில் தாங்கல, ஒரு ஷீட் இறக்கிக் குடுங்க" என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். நாகல்நகர், பேகம்பூர் சந்துகளிலும் சரி, வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் சரி, வீட்டு முன்னால் நாலு பைப்பு, மேலே தகரம் என்று ஒரு சாய்ப்பு இறக்குவது இப்போது அரைநாள் வேலை.

வேலை சின்னதுதான். ஆனால் அதில் உயிர், அக்கம்பக்கத்து உறவு, சட்டம் மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஷீட்டின் விலையையும் நிறத்தையும் பார்க்கும் நாம், தலைக்கு மேலே போகும் மின்கம்பியைப் பார்க்க மறந்துவிடுகிறோம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

மேலே: மின்கம்பி எவ்வளவு தூரம்?

பத்து பன்னிரண்டு அடி இரும்புப் பைப்பைத் தரையிலிருந்து நிமிர்த்தும் நேரம்தான் ஆபத்தான நேரம். பைப்பின் மறுமுனை கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் கையை விடக்கூட முடியாது. எனவே ஷீட் போட்ட பிறகு உள்ள இடைவெளியை மட்டும் கணக்கிட்டால் போதாது. வேலை நடக்கும்போது பைப்பு, ஏணி, ஷீட் எங்கெல்லாம் போய் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் கட்டடத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியைச் சொல்கின்றன. தாழ்வாரத்துக்கும் சாய்ப்புக் கூரைக்கும் இவை பொருந்தும்.

வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பி: கூரைக்கு மேலே போனால் 2.5 மீட்டர் (சுமார் 8 அடி), பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் (சுமார் 4 அடி).

11 கிலோவோல்ட் கம்பி: மேலே 3.7 மீட்டர் (சுமார் 12 அடி), பக்கவாட்டில் 1.2 மீட்டர்.

வெயிலில் கம்பி தொய்யும், காற்றில் ஆடும். அந்த நிலையிலும் இந்த இடைவெளி இருக்க வேண்டும். காலையில் பார்த்து "தூரமாத்தான் இருக்கு" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று: இந்தத் தூரத்தை நீங்களே கம்பு வைத்தோ, இரும்பு டேப் வைத்தோ அளக்காதீர்கள். தெருவில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கொண்டுபோய் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் காட்டுங்கள். தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் 'மின்னகம்' சேவை மையத்தையும் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். இடைவெளி குறைவாக இருந்தால் கம்பியை மாற்றியமைக்க விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுத் தொகை கட்ட வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் உயிருக்கு முன்னால் அது பெரிதில்லை.

கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரையும் கவனியுங்கள். அது ஷீட்டின் ஓரத்தில் உரசினால் மேலுறை தேய்ந்துபோகும். பிறகு ஒரு மழைநாளில் ஷீட், பைப்பு, அதில் கட்டிய கொடிக்கம்பி வரை மின்சாரம் பாயும். துணி காயப்போடப் போகிறவர் அதைத் தொடுவார். சர்வீஸ் ஒயர் ஷீட்டைத் தொடவே கூடாது. ஷீட்டுக்குக் கீழே விளக்கோ ஃபேனோ மாட்டினால் இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீழே: கால் ஊன்றும் இடம் யாருடையது?

"எல்லாரும் போட்டிருக்காங்க, நம்ம வீட்டை மட்டும் யாரு கேக்கப் போறா?" என்பது வழக்கமான பேச்சு. ஆனால் பைப்பு ஊன்றும் இடம் தெருவுக்குச் சொந்தமானது என்றால் அது ஆக்கிரமிப்பு. சாலை விரிவாக்கமோ, சாக்கடைப் பணியோ வரும்போது முதலில் கழற்றப்படுவது அதுதான். போட்ட காசும் திரும்பாது.

சாக்கடைக்கு அப்பால் கால் ஊன்றிவிட்டு, சாக்கடையை வீட்டுத் திண்ணைபோல மூடிவிடுவதும் நடக்கிறது. தூர்வார வருபவருக்குக் கையை விடக்கூட வழி இருக்காது. அடைப்பு எடுக்க முடியாமல் போனால் மழைத்தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் திரும்பும். குறுகலான சந்தில் 108 ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழைய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் இடம் எதுவரை என்பதை வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். கிராமப் பகுதி என்றால் பட்டாவும் புலப்படமும், நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடும் கிடைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், நில அளவை செய்து எல்லை காட்டித் தரும்படி விண்ணப்பிக்கலாம்.

நிழல் எந்தப் பக்கம் வேண்டும்?

எந்தப் பக்கத்துச் சுவர் சுடுகிறது என்று பார்க்காமல் வாசல் பக்கம் மட்டும் ஷீட் போட்டுவிட்டு, "வீடு இன்னும் அனலாத்தான் இருக்கு" என்பவர்கள் நிறைய.

திண்டுக்கல்லில் சித்திரை பிறந்த சில நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு 2 அடி சன்ஷேடே போதும். தொல்லை மேற்குப் பக்கத்தில். மே மாதத்தில் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 35 பாகை உயரத்தில் சாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் 2 அடி சன்ஷேடு ஜன்னலில் ஒன்றரை அடிக்கும் குறைவாகத்தான் நிழல் தரும். 4 அடி உயர ஜன்னலை முழுக்க மறைக்க ஏறத்தாழ 6 அடி நீட்ட வேண்டும்.

அவ்வளவு இடம் பல வீடுகளில் இருக்காது. அதனால் மேற்குப் பக்கத்துக்கு நீளமான ஷீட்டைவிட, மேலிருந்து தொங்கும் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ நல்லது. விலையும் குறைவு, மாலை முடிந்ததும் சுருட்டி விடலாம். வாசலுக்கு ஷீட் போடுவதானால் வெளிர் நிறத்தில் வாங்குங்கள். சுவரை ஒட்டிய மேல்பக்கத்தில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடுங்கள். தென்னங்கீற்று குளிர்ச்சிதான். ஆனால் அடுப்புக்கும் மின்ஒயருக்கும் பக்கத்தில் அது வேண்டாம்.

காற்று: ஷீட்டைக் கீழே தள்ளாது, மேலே தூக்கும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷீட் எம்மாத்திரம்? பலரும் ஷீட்டின் பாரத்தைத் தாங்கினால் போதும் என்று நினைத்துப் பைப்பு வைக்கிறார்கள். உண்மையில் தாங்க வேண்டியது காற்றை.

ஒரு கணக்கு பாருங்கள். 10 அடிக்கு 10 அடி, அரை மில்லிமீட்டர் தகரம் சுமார் 45 கிலோ எடை இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதே பரப்பில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். முன்பக்கம் திறந்து, பின்பக்கம் சுவர் இருக்கும் சாய்ப்பில் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் மேலே தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பிய்த்துக்கொண்டு போகும் தகரம் தெருவில் போகிறவர் மேல் விழலாம்.

அதனால் பட்டறைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

சுவரில் வெறும் ஆணியோ மரக்கட்டையோ வைக்காமல், கான்கிரீட் லிண்டலிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் போடுவீர்களா? பழைய செங்கல் சுவரும், உள்ளே வெற்றிடம் உள்ள கல்லும் போல்ட்டைப் பிடித்து நிறுத்தாது.

பைப்பின் காலை மண்ணில் செருகாமல், குழி எடுத்துக் கான்கிரீட்டில் நிறுத்துவீர்களா?

ஷீட்டின் ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாகப் போடுவீர்களா? காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான்.

மழைத்தண்ணீர் எங்கே போகும்?

அதே 10 அடிக்கு 10 அடி ஷீட்டில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர் தண்ணீர் விழும். அது பக்கத்து வீட்டுச் சுவரில் அடித்தால், ஐப்பசி முடிவதற்குள் சண்டை தொடங்கிவிடும். ஷீட்டின் சரிவும் ஓரமும் உங்கள் எல்லைக்குள்ளேயே முடிய வேண்டும். ஓரத்தில் ஒரு தகர வாய்க்கால் வைத்து, குழாய் வழியாக வீட்டின் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அனுமதி கேட்க வேண்டுமா?

ஜன்னலுக்கு மேல் சின்னதாக நீளும் சன்ஷேடு வேறு. தூண் ஊன்றி, வீட்டைச் சுற்றி விட்ட காலியிடத்தை மூடும் ஷீட் வேறு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 படி வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட அளவு இடத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். காற்றும் வெளிச்சமும் வரவும், தீ பிடித்தால் ஆள் சுற்றிவரவும்தான் அந்த இடம். அதை மூடும் முன் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலும், கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு படமும் அளவும் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஷீட்டுக்குக் கீழே சுவர் எழுப்பி அறையாகவோ கடையாகவோ மாற்றினால், அது புதிய கட்டடப் பரப்பு. திட்ட அனுமதி, சொத்து வரி இரண்டும் அதற்கு வரும்.

புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால் இன்னும் எளிது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளம் வழியே சுயசான்றிதழ் முறையில் உடனே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. வாசல் நிழலையும் அந்த வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். சுயசான்றிதழ் என்றால் பொறுப்பும் உங்களுடையது என்பது நினைவிருக்கட்டும்.

பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனில் மூன்று படங்கள் எடுங்கள்: வீட்டுக்கு மேலே போகும் கம்பி, பைப்பு ஊன்றும் இடம், தண்ணீர் விழும் பக்கம். மூன்றையும் பார்த்து மனசு சரி என்று சொன்னால் வேலையைத் தொடங்கலாம். ஏதாவது ஒன்று உறுத்தினால், அதைக் கேட்டுத் தெளிந்துகொண்டு ஒரு வாரம் கழித்துப் போட்டாலும் நிழல் நிழல்தான்.