ஆயா வீடும் ஜப்பானின் ‘மச்சியா’வும்: பழைய வீடுகளைக் காப்பாற்றுவார்களா விருந்தாளிகள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருத்தணியில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தில் பெரியப்பா, அப்பா, அத்தை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆயா போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடு பூட்டியே கிடக்கிறது. முற்றத்து ஓரம் ஓடுகள் சரிந்து, தாழ்வாரத்துச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது.

“இடிச்சிட்டு ரூம் ரூமா லாட்ஜ் கட்டிடலாம். கிருத்திகை வந்தா ரூம் கெடைக்காம ஜனங்க அலையுது பாரு” என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு மனசில்லை. ஆனால், சொல்ல பதிலும் இல்லை. நான் மெதுவாக போனை எடுத்து, பழைய வீடுகளை இடிக்காமல் தங்கும் இடமாக்கியவர்கள் யாராவது உண்டா என்று தேடினேன். கண்ணில் பட்டது ஜப்பானின் கியோட்டோ நகரம்.

அங்கேயும் இதே கதை

கியோட்டோவின் பழைய மரவீடுகளுக்கு ‘மச்சியா’ என்று பெயர். தெருப் பக்கம் அகலம் கொஞ்சம்தான். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். இதனால் ‘விலாங்கு மீனின் படுக்கை’ என்று அதற்குச் செல்லப்பெயர். முன்னால் கடை, பின்னால் குடும்பம். வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு நடை. நடுவில் வெளிச்சமும் காற்றும் வர ஒரு குட்டித் தோட்டம். சமையல் புகை மேலே போக உயரமான கூரை.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு, கொல்லைக் கிணறு... எங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தேன். ஓட்டுக்கும் மரத்துக்கும்தான் வித்தியாசம்!

கியோட்டோ மாநகராட்சி 2016-ல் கணக்கெடுத்தபோது சுமார் 40,000 மச்சியாக்கள் மிஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் மட்டும் சுமார் 5,600 வீடுகள் காணாமல் போயிருந்தன. அதாவது, ஒரு நாளைக்கு இரண்டு வீடு. மீதி இருந்தவற்றிலும் ஏழில் ஒன்று பூட்டிக் கிடந்தது. காரணங்களும் நமக்குத் தெரிந்தவைதான்: பெரியவர்கள் போய்விட்டார்கள், பிள்ளைகள் வேறு ஊரில், பராமரிப்புச் செலவு அதிகம், வீட்டைவிட மனைக்குத்தான் விலை.

இந்த நிலையில்தான் 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் கெர் போன்றவர்கள் சில மச்சியாக்களைச் சீர்செய்து, முழு வீட்டையும் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டார்கள். பிறகு பலரும் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு ராத்திரி தங்கினால் எப்படி இருக்கும்?

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குப் புதிதில்லை. தரையில் ‘ததாமி’ என்ற தடித்த பாய் விரித்திருக்கும். அதன்மேல் சக்கரம் வைத்த சூட்கேஸை உருட்டக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும். கட்டில் இருக்காது. ராத்திரி மெத்தையை விரித்து, காலையில் மடித்து வைக்க வேண்டும். குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன் வெளியிலேயே சோப்பு போட்டு உடம்பைக் கழுவிவிட வேண்டும். தொட்டி, சுடுநீரில் கழுத்து வரை அமிழ்ந்து அலுப்பைப் போக்கிக்கொள்ள மட்டும்தான்.

சிரமங்களும் உண்டு. மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முட்டிவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். குளிர்காலத்தில் மரச்சுவர் இடுக்கில் காற்று புகும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே இருப்பதால், ராத்திரியில் சத்தம் போட்டுப் பேச முடியாது.

இதில்தான் பிரச்னையும் வந்தது. வீடுகள் பிழைத்தன, ஆனால், சில தெருக்களில் தெரிந்த முகங்கள் குறைந்துபோயின. நடு ராத்திரியில் பெட்டி உருட்டும் சத்தம், குப்பை என அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். 2018-ல் வந்த ஜப்பானியச் சட்டம், வீட்டை வாடகைக்கு விடுவதை வருடத்துக்கு 180 நாள்களோடு நிறுத்தியது. கியோட்டோ இன்னும் கறார். குடியிருப்புப் பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை மட்டும்தான் அனுமதி. கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்கும் தூரத்தில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் விதி போட்டது.

நம் ஊரில்..?

நம்மிடமும் முன்மாதிரிகள் இருக்கின்றன. செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. அப்படிப் போகாமல் தப்பிய சில வீடுகளில் இன்று விருந்தாளிகள் தங்குகிறார்கள். கானாடுகாத்தானின் விசாலம், ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு. கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் புதுப்பித்தார்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரு தெருவையே சீர்செய்து, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதையும் வாங்கினார்கள்.

ஆனால், அவையெல்லாம் மாளிகைகள் அல்லது சுற்றுலா ஊர்த் தெருக்கள். எங்கள் வீடு மாளிகை இல்லை. நாட்டு ஓடு போட்ட சாதாரண வீடு.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அத்தை சிரித்தார். “ஜப்பான்காரன் இப்போ பண்றத உங்க ஆயா அப்பவே பண்ணாங்கடி. காசு வாங்கல, அவ்ளோதான்!”

ஆடிக்கிருத்திகைக்கு முந்தின நாள் எங்கள் திண்ணையில் இடம் இருக்காதாம். பூக்காவடி எடுத்து வருகிறவர்கள், சித்தூர், புத்தூர் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்குக் குடும்பங்கள் என எல்லோரும் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஆயா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கைக்குழந்தைக்காரிகளுக்கு மட்டும் அண்டாவில் வெந்நீர் போட்டு வைப்பாராம். கிணற்றடியில் குளித்துவிட்டு 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்து, பூவும் விபூதியும் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அடுத்த வருஷமும் அதே முகங்கள் வருமாம்.

“அப்ப நாமளும் ஹோம்ஸ்டேவா பண்ணலாமே” என்றேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் இதற்கென்று ஒரு திட்டமே இருக்கிறது. ஓர் அறையிலிருந்து ஆறு அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள். தரத்தைப் பொறுத்து தங்கம், வெள்ளி என்று வகை பிரிக்கிறார்கள். ஆனால், முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்.

கூடம் அமைதியானது. பெரியப்பா அரக்கோணத்தில். அப்பா சென்னையில். அத்தை வேலூரில். நான் தரமணியில், ஹாஸ்டலில்.

“அப்போ வெந்நீர் யார் போடுவா?” என்றார் அத்தை.

கியோட்டோக்காரர்கள் விதியாக எழுதிய அந்தப் பத்து நிமிட தூரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பணம் கொடுத்தால் ஓடு மாற்ற ஆள் கிடைப்பார். கதவைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்லும் வீட்டு மனுஷருக்கு எங்கே போவது?

முடிவு இன்னும் எடுக்கவில்லை. ஆனால், வருகிற ஆடிக்கிருத்திகை வரை இடிப்பதில்லை என்று பெரியப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓடு மாற்றும் செலவு அப்பாவுடையது. பணி ஓய்வுக்கு ஆறு மாதமே இருக்கும் அத்தை, “வேலூர்ல தனியா இருக்கறதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அன்று கிளம்புவதற்கு முன் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். ஆயாவின் பித்தளை அண்டா கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.