இரண்டு நிமிடம் மிச்சம்

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரத்தான் பந்தயத்தை முடிக்க முடியுமா நேயர்களே?

1975-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார் பாப் ஹால். சின்ன வயதிலேயே போலியோ தாக்கிய இளைஞர் அவர். போட்டியை நடத்திய வில் க்ளோனி மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: மூன்று மணி நேரத்துக்குள் வந்தால்தான் சான்றிதழ்!

42 கிலோமீட்டர் தூரம். நடுவில் மூச்சு வாங்க வைக்கும் மேடுகள் வேறு. இன்று டி.வி.யில் பார்க்கிறோமே, நீளமான மூன்று சக்கரப் பந்தய வண்டி, அதெல்லாம் அப்போது ஏது? கையால் தள்ளித் தள்ளியே போனார் மனிதர். எல்லைக் கோட்டைத் தொட்டபோது, கெடு முடிய இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. சான்றிதழும் கைக்கு வந்தது.

பிறகு அவர் இறங்கிய தொழில் என்ன தெரியுமா? பந்தய நாற்காலிகளைத் தானே வடிவமைத்து, தயாரித்து விற்பது! மற்ற வீரர்களும் அவரிடம் நாற்காலி வாங்கினார்கள். தன்னோடு மோதப்போகிறவருக்கே வண்டி செய்து கொடுப்பது, கொஞ்சம் துணிச்சலான வியாபாரம்தான், இல்லையா?