அண்டகோசமும் சுண்ணக்கல்லும்

நெடுந்தீவில் வேலி என்றால் முருகைக்கல் மதில்தான். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் காணிக்குக் காணி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு கல்லை எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். நட்சத்திர வடிவக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பவள உயிரி குடியிருந்த இடம். தீவகத்துக்கும் குடாநாட்டுக்கும் அடியில் கிடப்பதோ மயோசீன் காலச் சுண்ணக்கல். இப்பகுதி ஆழமற்ற கடலாக இருந்தபோது சிப்பிகளும் நுண்ணுயிர் ஓடுகளும் படிந்து இறுகியது. வயது குறைந்தது 50 லட்சம் ஆண்டு. காங்கேசன்துறையில் சீமெந்து ஆனது இந்தக் கல்தான்.

உலகம் எப்படி உண்டானது என்ற வழக்கு 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கல்லின்மேல் நின்றுதான் நடந்தது. காரைநகரிலிருந்து பொன்னாலைக் கடலைத் தாண்டினால் வட்டுக்கோட்டை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே செமினரி தொடங்கினார்கள். வானசாஸ்திரம் அங்கு முக்கியப் பாடம். காரணம் இல்லாமல் இல்லை. கோயில்களில் படித்துப் பயன் சொல்லப்பட்ட கந்தபுராணத்தில் உலக அமைப்பைச் சொல்லும் அண்டகோசப் படலம் இருக்கிறது. மேரு மலையும், உப்பு, கருப்பஞ்சாறு, பால் என்று ஏழு கடல்களும் பொய் என்று தொலைநோக்கியால் காட்டிவிட்டால் சைவமும் சரிந்துவிடும் என்று டானியல் பூர் போன்ற மிஷனரிமார் எண்ணினார்கள்.

1829 மார்ச்சில் வந்த சந்திரகிரகணம் அவர்களுக்கு வாய்த்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொன்ன நேரம் பிசகியது, செமினரியின் கணிப்பே பொருந்தியது என்று மிஷனரிமார் எழுதிவைத்தார்கள். ஆனால் சாஸ்திரியார் ராகு விழுங்கும் நேரத்தையா கணித்தார்? அவர் கையில் இருந்தவை பரம்பரை வாய்பாடுகள், அவையும் வானியல்தான். 1825இல் ஜோன் வாறன் என்ற ஐரோப்பியருக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் இப்படித்தான் ஒரு சந்திரகிரகணம் கணித்துக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வந்த எண்களைக் கொண்டே கணித்தார். தொடக்கம் 4 நிமிடம்தான் தவறியது. முடிவு 52 நிமிடம் தவறியது. வானத்தோடு ஒப்பிட்டு வாய்பாட்டைத் திருத்தும் வழக்கம் விட்டுப்போனதே குறை. அது மதத்தின் குற்றம் ஆகாது.

அதே செமினரியின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் தமிழ் வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848இல் அச்சிட்டார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு அவர் செய்த மொழிபெயர்ப்பு 1854இல் அமெரிக்காவில் வெளிவந்தது. சிவஞானபோதத்தில் மேருவைத் தேடிப் பயனில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. இல்லாததிலிருந்து எதுவும் வராது. உலகம் மாயையிலிருந்து தோன்றி மாயையிலேயே ஒடுங்கும். இதைத் தொலைநோக்கியால் உடைக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.

மிஷனரிமார் கொண்டுவந்த பைபிளுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பேராயர் அஷர் கணித்த கி.மு. 4004 என்ற படைப்பு ஆண்டு அக்கால ஆங்கிலப் பதிப்புகளின் ஓரத்தில் அச்சாகியிருந்தது. அதை மறுக்கும் சாட்சியோ காலடியிலேயே கிடந்தது. இலங்கையின் அந்த மயோசீன் பாறைகளைப் பற்றி நிலவியலாளர்களான வேலண்டும் டேவிஸும் பின்னர் 1923இல் விரிவாக எழுதினார்கள்.

அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே என்பவர்களுக்கு இயற்பியலாளர் லமேத்ரின் கதையைச் சொல்லலாம். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931இல் எழுதிய இவர் கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அந்தக் கருத்தைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. கருதுகோள் நாளை மாறலாம், விசுவாசத்தை அதன்மேல் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. இன்று பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள்.

நம்மவர்களும் பாப்பரசர் செய்ததைத்தான் செய்கிறார்கள். புராணக் கணக்கில் ஒரு கற்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, பார்த்தீர்களா என்று மேடையில் கேட்கிறார்கள். பூமியின் வயது விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 1956இல் பாற்றர்சன் என்ற விஞ்ஞானி நிறுவியது. கற்பம் யுகக் கணக்கைப் பெருக்கி வந்தது. இரண்டும் அருகருகே வந்தது தற்செயல். சிவஞானபோதத்துக்கு இந்த முட்டுக்கொடுப்பு தேவையே இல்லை.