நியமகிரியின் கேழ்வரகும் தில்லியின் கணக்கும்

2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஒரு வார இடைவெளியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆகஸ்ட் 19-இல் ஒடிசா மாநிலம் ராயகடா மாவட்டத்தில் உள்ள ஜராபா என்ற மலைக் கிராமத்தில் கூடிய கிராம சபை, நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டியெடுக்க இசைவு தர மறுத்தது. ஆகஸ்ட் 26-இல் தில்லியில் மக்களவை தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. இரண்டுமே ஏழைகளின் உணவைப் பற்றிய முடிவுகள்தாம்.

மசோதா செப்டம்பரில் சட்டமானது. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் என்ற உரிமையை அது அளித்தது. மூட்டையில் கட்டிக் கிடங்கிலிருந்து அனுப்பக்கூடிய உணவையே அச்சட்டம் கணக்கில் கொண்டது. மலையில் விளையும் உணவு அந்தக் கணக்கில் வரவில்லை.

மலை தரும் உணவு

நியமகிரியில் டோங்ரியா கோந்த் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலைச்சரிவுகளில் கேழ்வரகு, சாமை, தினை, துவரை, ஆமணக்கு ஆகியவற்றை ஒரே நிலத்தில் கலந்து விதைப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் அறுவடைக்கு வரும். மழை பொய்த்து ஒரு பயிர் கருகினாலும் மற்றொன்று கைகொடுக்கும். அன்னாசி, பலா, மஞ்சள் ஆகியவை சந்தைக்குச் சென்று காசாகும். பயிர் கைக்கு வராத மாதங்களில் கிழங்கும் காளானும் மூங்கில் குருத்தும் காட்டிலிருந்து கிடைக்கும்.

இந்த விளைச்சலுக்கெல்லாம் ஆதாரம் மலையுச்சியில் இருக்கிறது. அங்குப் படிந்துள்ள பாக்சைட் அடுக்கு மழைநீரை உறிஞ்சி வைத்து, மெல்லக் கசியவிட்டு ஓடைகளை வற்றாமல் காக்கிறது. வம்சதாரா நதி தோன்றுவது இம்மலைப் பகுதியில்தான். ஆலைக்குத் தாதுவாகத் தெரியும் அதே படிவம், சரிவில் உழுபவருக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருக்கிறது.

நான்கு ஆண்டுத் தாது

மலையடிவாரத்தில் உள்ள லாஞ்சிகட்டில் வேதாந்தா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறன் கொண்ட அலுமினா ஆலையை அமைத்தது. அதை 60 லட்சம் டன்னாக விரிவுபடுத்தவும் திட்டமிட்டது. நியமகிரியில் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட பாக்சைட் சுமார் 7.2 கோடி டன். விரிவாக்கப்பட்ட ஆலைக்கு இந்தத் தாது ஏறத்தாழ 4 ஆண்டுகளுக்கு மட்டுமே போதும் என்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழு 2010-இல் சுட்டிக்காட்டியது. தலைமுறை தலைமுறையாக உணவளித்த மலைக்கு எதிரே வைக்கப்பட்ட ஆதாயம் இவ்வளவே. அவ்வாண்டு ஆகஸ்டில், அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் சுமார் 660 ஹெக்டேர் வனநிலத்தைச் சுரங்கத்துக்கு மாற்றுவதற்கான இறுதி அனுமதியை மறுத்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வன உரிமைச் சட்டம், 2006-இன்படி கிராம சபைகளே தங்கள் உரிமைகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18-இல் தீர்ப்பு வந்தது. மாவட்ட நீதிபதியின் பார்வையில் 12 கிராமங்களில் சபைகள் கூடின. பன்னிரண்டும் சுரங்கத்தை நிராகரித்தன.

தாது கிடைக்காவிட்டால் ஆலை மூடப்படும், வேலைவாய்ப்பு பறிபோகும் என்பது அன்று எழுப்பப்பட்ட வாதம். ஆலை இன்றும் இயங்குகிறது. வெளியிடங்களிலிருந்து பாக்சைட்டைத் தருவித்துத் தன் திறனையும் உயர்த்திக்கொண்டுள்ளது.

காசிப்பூரின் பாடம்

இப்பகுதியின் வறுமையை எவரும் மறுக்கவில்லை. மலைக் கிராமங்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் இன்னும் எட்டாத் தொலைவில்தான் உள்ளன. தொழில் வந்தால் பசி தீரும் என்று சொல்லப்படுவதும் இதனால்தான். ஆனால் அதே ராயகடா மாவட்டத்தின் காசிப்பூர் வட்டாரம் வேறு கதை சொல்கிறது. அங்கு மற்றோர் அலுமினாத் திட்டத்தை எதிர்த்த பழங்குடியினர் மூவர், மைகாஞ்ச் கிராமத்தில் 2000 டிசம்பர் 16-இல் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலியாயினர். அடுத்த ஆண்டே, மாங்கொட்டைப் பருப்பைக் கூழாக்கி உண்ட பலர் அவ்வட்டாரத்தில் இறந்தனர். அது பட்டினிச் சாவா, உணவு நஞ்சானதா என்று வாதம் நடந்தது. மனிதர்கள் மாங்கொட்டையை உண்ண நேர்ந்தது ஏன் என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

ராயகடா 1992 வரை கோராபுட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தக் கோராபுட்டின் மரபு வேளாண்மையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2012-இல் அங்கீகரித்தது. சென்னையைச் சேர்ந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் ஜெய்ப்பூரில் மையம் அமைத்து, உள்ளூர் விதைகளைக் காப்பதில் பழங்குடி மக்களுடன் பணியாற்றியது. பாரம்பரிய நெல் வகைகளைக் காத்த கோராபுட் பழங்குடிப் பெண் கமலா பூஜாரிக்கு 2019-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒடிசா அரசும் 2017-இல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கிக் கேழ்வரகைக் கொள்முதல் செய்துவருகிறது. விதைக்குப் பரிசளிக்கும் அரசு, அது விளையும் சரிவை ஏலத்தில் விடுவது எவ்வாறு பொருந்தும்?

வலுவிழக்கும் இசைவு

இக்கேள்வி பழங்கதையன்று. ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரவியுள்ள சிஜிமாலி பாக்சைட் சுரங்கத்தை 2023-இல் வேதாந்தா ஏலத்தில் பெற்றது. அங்கும் கிராம மக்கள் எதிர்க்கின்றனர். ஆனால் நியமகிரி மக்களுக்குத் துணைநின்ற நடைமுறை இப்போது அதே வலுவுடன் இல்லை. வனநிலத்தை மாற்ற இறுதி அனுமதி தருவதற்கு முன்பே கிராம சபையின் இசைவு வேண்டும் என்று 2009-இல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளின்படி, மத்திய அரசு முதலில் இறுதி அனுமதி தரலாம். வன உரிமைகளை உறுதிசெய்வது அதன்பின் மாநில அரசின் பொறுப்பு. இதற்குத் தேசிய பழங்குடியினர் ஆணையம் ஆட்சேபம் தெரிவித்தது.

தில்லி அனுமதித்த பிறகு, ஏலத்தால் வருவாய் காணும் மாநில அரசு ஒரு மலைக் கிராமத்தின் மறுப்பை எவ்வளவு பொறுமையுடன் கேட்கும்? பன்னிரண்டு சபைகளின் சொல்லுக்கு மதிப்பிருந்ததற்குக் காரணம், இறுதி அனுமதிக்கு முன்பே அது கேட்கப்பட்டதுதான். உணவுப் பாதுகாப்பை உரிமையாக்கிய நாடாளுமன்றம், அந்த வரிசையை மீட்டுத் தருவதும் உணவுப் பாதுகாப்பின் பகுதியே என்பதை உணர வேண்டும்.