மாடு குறிக்கும் நேரம்

நெதர்லாந்தில் மாட்டுப் பண்ணை என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பம்தான். விடியுமுன் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. வீட்டில் கல்யாணமே நடந்தாலும் அந்த வேளை தப்பக் கூடாது. இந்தக் கட்டை அவிழ்க்க வந்ததுதான் பால் கறக்கும் ரோபோ. 1992-இல் அந்நாட்டுப் பண்ணைகளில்தான் அது முதன்முதலாக வேலைக்கு இறங்கியது.

மாட்டை யாரும் ஓட்டிவருவதில்லை. கறவைக் கூண்டுக்குள் அடர்தீவனம் கிடைக்கும் என்ற ஆசையில் அதுவே நடந்து வருகிறது. கழுத்துப்பட்டையில் உள்ள சில்லை வைத்து, வந்திருப்பது எந்த மாடு, கடைசியாக எப்போது கறந்தது என்று இயந்திரம் தெரிந்துகொள்கிறது. கறந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறதென்றால் தீவனம் விழாது, கதவு திறந்து வழியனுப்பிவிடும். நேரம் சரியென்றால் வயிற்றடியில் ஒரு கை நீளும். சுழலும் பிரஷ்கள் காம்புகளைத் துடைக்கும். கன்று முட்டும்போது பால் இறங்குவதுபோல இந்த வருடலிலும் இறங்குகிறது. காம்பு இருக்கும் இடத்தை லேசர் கண்டு சொல்ல, கை ஒவ்வொரு குப்பியாக மாட்டும். மாடு அசைந்தால் கையும் கூடவே நகரும்.

முதல் பீய்ச்சல் தனியே ஒதுக்கப்படும். நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே சோதிப்பதுதான் இதன் பெரிய பலம். மடிநோய் தொடங்கினால் பாலில் உப்பு கூடும், மின்சாரத்தை அது கூடுதலாகக் கடத்தும். பால் திரிவது கண்ணுக்குத் தெரியுமுன்பே எந்த மாடு, எந்தக் காம்பு என்று விவசாயியின் கைப்பேசிக்குச் செய்தி போய்விடுகிறது.

ஒரு ரோபோ சுமார் அறுபது மாடுகளைப் பார்த்துக்கொள்ளும். விலை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும். அப்படியும் கூலியாட்கள் நிறைந்த பெரும் பண்ணைகளைவிட, குடும்பப் பண்ணைகளே இதை முந்திக்கொண்டு வாங்கின. ஆள் வைக்க வழியில்லாத வீட்டில், அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட முடிவதற்கு எந்த விலையும் தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலை ஒழிந்துவிடவில்லை. நடுராத்திரியில் குழாய் அடைத்தால் கைப்பேசி அலறும், எழுந்து ஓட வேண்டும். கூண்டுப் பக்கமே வராத மாடுகளைத் தேடிப் பிடித்துவர வேண்டும். பின்காம்புகள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தால் கைக்குப் பிடிபடாது; அப்படிப்பட்ட மாடு எவ்வளவு பால் கொடுத்தாலும் ரோபோப் பண்ணைக்குச் சரிவராது. அதனால் இப்போது சினை ஊசிக்குக் காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதன் பெண் கன்றுகளுக்குக் காம்பு எப்படி அமையும் என்பதையும் பார்க்கிறார்கள்.