நடுகல்லும் நினைவுநாளும்

பிறந்தவர் இறத்தல் உலகியற்கை. எனினும், இறந்தவர் அனைவரும் மறக்கப்படுவதில்லை. தம் ஆற்றலாலும் அன்பாலும் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றோர் சிலர், உடல் மறைந்த பின்னும் நெடுங்காலம் வாழ்கின்றனர். அவர்களை வாழவைப்பது நினைவு. அந்நினைவை மக்கள் எவ்வாறு போற்றி வந்துள்ளனர் என்பதையும், எவ்வாறு போற்றுதல் தகும் என்பதையும் இங்கே காண்போம்.

பண்டைத் தமிழர், போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபட்டனர். அக்கல்லில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டினர். இதுவே நடுகல் எனப்படும். கல்லைத் தேர்தல் முதலாக வீரனை வாழ்த்துதல் ஈறாக உள்ள முறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறுகின்றது. செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. கல்லில் எழுதிய நினைவு இது. சொல்லில் எழுதிய நினைவும் உண்டு. அதனை அறியச் செஞ்சிக்குச் செல்வோம்.

செஞ்சிக்கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைத்த பேரரண் அது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக அது உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பெற்றது. நாயக்கர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அதனைக் கைக்கொண்டனர். ஆயினும், செஞ்சி என்றவுடன் மக்கள் நாவில் எழும் பெயர் ஒன்றே. அது தேசிங்குராசன் என்பதாம்.

தேசிங்கு நெடுங்காலம் ஆண்டவன் அல்லன். தந்தை சொரூபசிங்கு மறைந்தபின் சில திங்களே அவன் செஞ்சியை ஆண்டான். 1714ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்து, இளமையிலேயே களத்தில் வீழ்ந்தான். வரலாற்று நூல்களில் அவனுக்குக் கிடைப்பது சில பக்கங்களே. ஆனால் நாட்டுப்புறப் பாடகர்கள் அவனை விடவில்லை. அவனையும், அவன் குதிரையையும், அவனுக்காக உயிர் கொடுத்த இசுலாமிய நண்பனையும் ஊரூராகப் பாடினர். வென்ற நவாபைப் பாடுவாரைக் காண்டல் அரிது; தோற்ற தேசிங்கைப் பாடுவாரோ பலர்.

அப்பாடலில் வாழ்ந்த தேசிங்கு, 1960ஆம் ஆண்டில் வெண்திரைக்கு வந்தான். 'ராஜா தேசிங்கு' என்னும் அத்திரைப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் தேசிங்காகவும், தாவுத்கான் என்னும் வீரனாகவும் இரு வேடங்களில் நடித்தார். இலங்கையில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இளமையில் வறுமையுற்று, நாடகக் குழுவில் பயின்று, 1936இல் திரைக்கு வந்தவர் அவர். மக்கள் திலகம் எனப் போற்றப்பெற்று, 1977இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். 1987ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் மறைந்தார். மறைந்த வீரனாக நடித்தவர், தாமும் மறைந்தோர் வரிசையில் சேர்ந்தார்.

அந்நாளில் யான் செஞ்சியில் இருந்தேன். கடைத்தெரு முழுதும் அடைத்துக் கிடந்தது. ஒரு வாயிலில், வேர்க்கடலை விற்கும் முதியவள் ஒருத்தி தலையிற் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"பாட்டி, அவரை நேரில் கண்டதுண்டோ?" என்று வினவினேன்.

"இல்லை ஐயா, படத்திலேதான் கண்டேன். படத்தில் அவர் தாயை வணங்குவார். அதைப் பார்த்துத்தான் என் மகனும் என்னை வணங்கக் கற்றான். அவரும் எனக்கு ஒரு மகன்தானே?" என்றாள்.

கண்டறியாத ஒருவருக்காக மக்கள் ஏன் கண்ணீர் வடிக்கின்றனர் என்னும் வினாவிற்கு அம்முதியவள் விடை தந்துவிட்டாள். திரையில் காண்பது நிழலே. ஆயினும், அந்நிழல் ஊட்டும் அன்பும் துணிவும் காண்போர் வாழ்வில் உண்மையாகின்றன. உழைத்துக் களைத்தவன் திரையரங்கில் அமர்ந்து, எளியோர் பக்கம் நிற்கும் வீரனைக் காண்கின்றான். தன் பக்கமும் ஒருவன் உளன் எனத் தேறுகின்றான். அவ்வீரன் மறைந்தால், தன் வீட்டில் ஒருவர் மறைந்ததாகவே உணர்கின்றான். சென்னைக் கடற்கரையிலுள்ள எம். ஜி. இராமச்சந்திரனின் கல்லறைக்குச் செல்வோர் பலர், அதன்மேல் செவியை வைத்துக் கேட்பதை இன்றும் காணலாம். அவர் கைக்கடிகாரத்தின் ஒலி உள்ளே கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் செவி தேடுவது கடிகாரத்தை அன்று. அவர் இன்னும் இருக்கின்றார் என்னும் ஆறுதலையே.

இவ்வன்பு நம் நாட்டிற்கு மட்டும் உரியது அன்று. 1926ஆம் ஆண்டில் வாலண்டினோ என்னும் திரைநடிகர் நியூயார்க்கு நகரில் மறைந்தபோது, அவர் உடலைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். நெரிசலில் பலர் காயமுற்றனர்.

அன்பு நல்லதே. ஆனால் அது அறிவின் கரையை உடைத்துச் செல்லுமாயின் பெருங்கேடு விளையும். எம். ஜி. இராமச்சந்திரன் மறைந்த நாள்களில் கடைகள் சூறையாடப்பட்டன. கலவரத்தில் உயிர்கள் அழிந்தன. துயர் தாங்காது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோரும் பலர். தேசிங்கு வீழ்ந்தபோது அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பர். அவள் நினைவாக நவாபு இராணிப்பேட்டையை அமைத்தார் என்றும் கூறுவர். உடன்கட்டை ஏறும் அவ்வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1830ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்தது. சட்டம் தீயை அணைத்தது. ஆனால், இறந்தவரோடு இறப்பதே பேரன்பு என்னும் மயக்கம் சிலர் நெஞ்சில் அணையாமலே இருந்தது. தலைவரை இழந்த நாடு அழுதது ஒருமுறை. அவருக்காக மாண்டோர் வீட்டுத் தாயரோ வாழ்நாள் முழுதும் அழுதனர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவு தந்து உயிர் வளர்க்க 1982இல் பெருந்திட்டம் வகுத்தவரின் பெயரால், உயிரைப் போக்குதல் எங்ஙனம் போற்றுதலாகும்?

அவ்வாறாயின் நினைவைப் போற்றும் நெறி யாது? மறைந்தவர் தொடங்கிய நற்செயலைத் தொடர்வதே அந்நெறி. எம். ஜி. இராமச்சந்திரன் வாழ்ந்த இராமாவரம் தோட்டத்தில் செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடைபெறுகின்றது. அவருடைய நினைவுநாளிலும் பிறந்தநாளிலும் அன்பர்கள் ஊர்தோறும் படத்திற்கு மாலையிட்டு, ஏழையர்க்கு உணவளிக்கின்றனர். நகைச்சுவை நடிகர் விவேக், அப்துல் கலாமின் அறிவுரையால் ஒரு கோடி மரக்கன்றுகள் நடும் பணியை மேற்கொண்டார். அது முடியுமுன் 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் மறைந்தார். அன்பர்கள் பல ஊர்களில் மரக்கன்றுகளை நட்டு அவருக்கு அஞ்சலி செலுத்தினர். அவ்வாண்டு அக்டோபரில் மறைந்த கன்னட நடிகர் புனீத் ராச்குமாரின் கண்கள் நால்வர்க்குப் பார்வை தந்தன. அதனைக் கேட்ட ஆயிரக்கணக்கானோர் தம் கண்களையும் தானம் செய்ய எழுதிக் கொடுத்தனர். இவர்கள் கல்லில் நடாது, மண்ணிலும் பிறர் கண்ணிலும் நட்ட நடுகற்கள் இவை.

மாணவர்களே! நும் உள்ளத்தில் இடம்பெற்ற ஒருவர் மறைந்தால் அழுங்கள். அது மனித இயல்பு. ஆனால் அழுத கண்ணைத் துடைத்தபின், அவர் செய்த நற்செயல்களுள் ஒன்றையேனும் கைக்கொள்ளுங்கள். ஒரு செடி நடுங்கள். பசித்த ஒருவர்க்குச் சோறிடுங்கள். பெற்ற தாயை வணங்குங்கள். கோட்டை மதில்கள் இடிந்தும் தேசிங்கின் பெயர் நிலைத்தது, அவனைப் பாடுவோர் உயிரோடு இருந்தமையால் அன்றோ? நினைவைத் தாங்க வேண்டியவர் முதலில் வாழ வேண்டும்.